ஓய்வு நாளில் போட்ட மாத்திரை

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல, செருப்புகளை. வாசலில் கிடக்கும் ஜோடிகளை ஒரு நோட்டம் விட்டு, கைப்பையைக்கூட இறக்காமல், "அப்பா வந்தாச்சு, நீ இன்னும் வெளிய போகல, பக்கத்து வீட்டம்மா உள்ள உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவாள். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். சின்ன வயதில் அம்மாவை ஏமாற்றுவதற்காகவே மகள் தன் செருப்பை அலமாரிக்குள் ஒளித்து வைத்ததுண்டு. அம்மா வாசலிலேயே நின்று, "ஒரு ஆள் குறையுதே" என்பாள். அந்தக் குரலில் விளையாட்டு இருக்காது. ஆள் குறைந்தால் அவள் நிஜமாகவே தேட ஆரம்பித்துவிடுவாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று எழுதுவது அவள் பொறுப்பு. அறுபத்திரண்டு வண்டி, முந்நூறுக்கு மேல் ஆட்கள். மேசையை மூடுகிற அளவுக்கு ஒரு தாள், அதில் பொடிப்பொடியாகக் கட்டங்கள், காதில் செருகிய பென்சில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். பயணச்சீட்டுக் கட்டுகளை எண்ணி வைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருமுறை டியூட்டி எழுதுகிறவர் காமாலையில் படுத்துவிட்டார். படித்தவர்கள் இரண்டு பேர் மூன்று நாள் முட்டி மோதியும் வண்டிக்கும் ஆளுக்கும் ஒத்து வரவில்லை. சீட்டுக் கட்டைக் கொடுக்கப் போன அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இவரை இங்க போட்டா அவருக்கு ஓய்வு கிடைச்சிருமே" என்றாள். அதோடு அந்த நாற்காலி அவளுடையதாகிவிட்டது. இருபத்தோரு வருஷம்.

எல்லோருக்கும் அவள் டியூட்டி அக்கா. சலுகைக்கு அவளிடம் வேலையில்லை. "சொந்தத் தம்பி வந்து கேட்டாலும் அக்கா விடிகாலை வண்டிதான் போடும்" என்று பேச்சு. அதைக் குறையாகச் சொன்னவர்கள்கூட தங்கள் லீவுச் சீட்டை அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் கட்டத்தில் எழுதிவிட்டால் அது நடக்கும்.

ஐம்பதாவது வயதில் அந்தக் கட்டங்கள் ஆட ஆரம்பித்தன. மாதவிடாய் நிற்கிற பருவம். தூக்கம் போனது. உட்கார்ந்த இடத்தில் நெஞ்சிலிருந்து காந்தல் ஏறி முகம் சிவக்கும், முதுகு நனையும், அடுத்த நிமிஷமே குளிரும். பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த பெயர் நழுவிப் போகும். ஒரு நாள் ஒரே ஓட்டுநரை ஆறு பத்துக்குக் கிளம்பும் இரண்டு வண்டிகளில் எழுதிவிட்டாள். அந்த ஓட்டுநருக்குப் பணிமனையில் 'பிரேக்' என்று பெயர். நடந்து போகும்போதும் அவருடைய வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே போகும்.

"அக்கா, பாதி உடம்பு கிழக்கால போகட்டும், மீதி மேற்கால போகட்டும். சம்பளத்தை மட்டும் ரெண்டா குடுத்திருங்க" என்றார் பிரேக். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அடுத்த வாரம் ஒரு வண்டிக்கு ஆளே எழுதாமல் விட்டாள். நிறுத்தத்தில் ஜனம் காத்துக் கிடந்தது. மேலாளர் கூப்பிட்டார். "உங்க மேல எனக்கு மரியாதை இருக்கும்மா. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா திரும்பவும் சீட்டு எண்ணத்தான் அனுப்பணும்."

மகள்தான் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அந்த வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் படிக்க, எழுத என்று எது வந்தாலும், மின்சார வாரியத்துக்கு எழுதும் கடிதமோ மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதமோ, அவள் கைக்கு வந்துவிடும். தெரியாததையும் தெரிந்த முகத்தோடு வாங்கிக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

மருத்துவர் வேகமாகப் பேசுகிற பெண்மணி. "ரெண்டு மருந்து. ஒண்ணு ஈஸ்ட்ரோஜன். ஜெல்லா வரும், தினம் கையில தடவிக்கணும். காந்தல், தூக்கம், மறதி எல்லாத்துக்கும் அதுதான் கேக்கும். ஆனா அதை மட்டும் போட்டா கருப்பையோட உள்பக்கம் தடிச்சுக்கிட்டே போகும், அது ஆபத்து. அதைத் தடுக்கத்தான் இன்னொண்ணு, புரோஜெஸ்டிரான் மாத்திரை. மாசத்துல பன்னெண்டு நாள், தொடர்ந்து, ராத்திரியில."

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள். வெளியே வந்ததும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: 'ஜெல் – தினமும். மாத்திரை – மாதம் 12, இரவு.' பன்னிரண்டுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி.

ஜெல் மூன்று வாரத்தில் வேலை செய்தது. அம்மா அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். கட்டங்கள் நிலைக்கு வந்தன. ஆனால் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் பணிமனையிலிருந்து வந்தவள் செருப்பைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, நேராகப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான்காம் நாள் லீவு கேட்ட ஒரு பெண் நடத்துநரிடம், "உனக்கு மட்டும்தான் குடும்பமா?" என்று சீறிவிட்டாளாம். அப்படி ஒரு வார்த்தையை இருபத்தோரு வருஷத்தில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. வயிறு உப்பியது, மார்பு வலித்தது. பன்னிரண்டு நாள் முடிந்து இரண்டு நாளில் யாரோ திரையை விலக்கியதுபோல எல்லாம் சரியானது.

"அந்த மாத்திரை போட்டா எனக்குள்ள வேற யாரோ வந்து உக்காந்துக்குறாங்கடி" என்றாள் அம்மா.

மகள் கணினியில் ஒரு வேலை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு இருக்கும்மா. பழகிரும்."

"அந்தப் பன்னெண்டையும் மாசத்துல எப்ப வேணாலும் வெச்சுக்கலாமா?"

"ம். வெச்சுக்கலாம்" என்றாள் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாம் மாதத்திலிருந்து பணிமனையில் டியூட்டி அக்கா பழைய அக்காதான். வீடுதான் மாறிப்போனது. அம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள் வேலை, நாளுக்குப் பத்து மணி நேரம். மூன்று நாள் ஓய்வு. வேலை நாட்களில் காலையில் தலைவாரிக்கொண்டே ஓட்டுநர்களோடு போனில் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்புவாள். ஓய்வு நாட்களில் கால் ஓரிடத்தில் நிற்காது. சமையலறை அலமாரியை இறக்குவாள், ஏற்றுவாள், மறுபடி இறக்குவாள். ஜன்னலைத் திறப்பாள், சத்தம் தாங்கவில்லை என்று சாத்துவாள், மூச்சு முட்டுகிறது என்று திறப்பாள். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிற அப்பா, எதற்கும் சிரிக்க வைக்கத் தெரிந்தவர், மகள் காதோரம் வந்து, "அம்மாவுக்கு லீவு விட்டாச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் டியூட்டி" என்பார். பிறகு அவரும் ஓய்வு நாட்களாகப் பார்த்து வெளியூர் வேலைகளை ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்.

அப்படி ஒரு நாள் மகள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு நேரம்டி அந்தத் திரையையே பாத்துட்டு இருப்ப? டிகிரி வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அதனால இந்த வீட்டுல ஒரு பல்பாவது கூடுதலா எரியுதா?"

மகள் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் சொல்லல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான்தான் சொன்னேன்" என்றாள்.

சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மகளுக்கு உறைத்திருக்காது. இரண்டு வருஷமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அடுத்த வாரம் முழுவதும் அவள் ஒரு கணக்குப் போட்டாள். வேலைக்குப் போகிற நாளெல்லாம் சிரிப்பு. எங்களோடு இருக்கிற நாளெல்லாம் எரிச்சல். அப்படியென்றால் அம்மாவுக்குப் பிடிக்காமல் போனது எங்களைத்தான். புள்ளியியல் படித்தவள், கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் சேர்க்க வேண்டிய இன்னொரு காரணம் இருக்குமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மழைக்காலத்தில் பணிமனையில் காய்ச்சல் பரவியது. ஐம்பது பேர் வரவில்லை. அம்மாவின் ஓய்வில் இரண்டாம் நாள், காலை ஏழு மணிக்கு மேலாளர் போன் செய்தார். அம்மா போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னைக்கு வேணாம் சார். இன்னைக்கு மட்டும் வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு கிளம்பிவிட்டாள். மூக்குக் கண்ணாடி மேசையிலேயே கிடந்தது.

மகள் அதை எடுத்துக்கொண்டு போனபோது டியூட்டி அறையில் நிற்க இடமில்லை. டீசல் வாசனை, ஈரக் குடைகள், ஓயாமல் அடிக்கும் போன். மேசைக்கு எதிரே பிரேக் நின்றிருந்தார்.

"அக்கா, நாளைக்கு என் பேர் விடிகாலை வண்டியில இருக்கு. நாளைக்கு எனக்கு லீவுக்கா. வீட்டுல கண் ஆப்பரேஷன். மூணு வாரம் முன்னாடியே நீங்களே எழுதிக் குடுத்தீங்க."

"ஐம்பது பேர் படுத்துக் கிடக்கான். உனக்கு மட்டும் லீவு கேக்குதா?"

"நான் இப்ப கேக்கலக்கா. அப்பவே குடுத்தது."

"குடுத்தவளுக்கு எடுக்கத் தெரியாதா?" அம்மா அவர் நீட்டிய லீவுச் சீட்டை வாங்கினாள், நான்காகக் கிழித்தாள், மேசைக்கு அடியில் போட்டாள். "போ. அடுத்த ஆள்."

போன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிரேக் அம்மாவை ஒரு கணம் பார்த்தார், ஏதோ தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் கண்ணாடியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். வழி முழுவதும் அவளுக்குக் காது சூடாக இருந்தது. தன் கணக்கு தப்பு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தட்டுப்பட்டது. வீடோ பணிமனையோ, இடத்தில் ஒன்றுமில்லை. நாளில்தான் ஏதோ இருக்கிறது.

அதே வாரத்தில் அம்மாவுக்கு நேரங்கெட்ட நேரத்தில் உதிரம் பட ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி படும். மருத்துவரிடம் போனார்கள்.

"மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?"

அம்மாவின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்தது. கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கட்டம் கட்டமாக, பென்சிலில், நான்கு மாதம். ஒவ்வொரு வாரத்திலும் மூன்று கட்டத்தில் மட்டும் ஒரு புள்ளி. "வாரத்துக்கு மூணு, நாலு வாரத்துக்குப் பன்னெண்டு. ஒண்ணுகூடக் குறையல டாக்டர். ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரியாப் பாத்துப் போட்டுக்குறேன். அதைப் போட்டா எனக்குக் கோபம் தாங்காது. அந்தக் கோபம் டெப்போவுல யார் மேலயும் விழக்கூடாதுல்ல. முந்நூறு குடும்பம்."

தாளின் மூலையில் மகள் எழுதிக் கொடுத்த சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது. மாதம் 12. கீழே இரண்டு கோடு.

மருத்துவரின் வேகம் நின்றுபோனது. கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். "அம்மா, இது பன்னெண்டு நாளும் சேந்தாப்புல போட வேண்டியது. விட்டு விட்டுப் போட்டா உள்பக்கத்துக்குக் காவல் கிடையாது. நான் தொடர்ந்துன்னு சொன்னேனே."

சொன்னார். மகளுக்கு அந்தக் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. எண்ணை எழுதியவள் அந்தச் சொல்லை எழுதவில்லை. அம்மா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான்தான் சரியா கேட்டுக்கல" என்று மருத்துவரிடம் சொன்னாள். மகளுக்கு அந்தப் பெருந்தன்மை சுள்ளென்று குத்தியது. 'நான்தான் எழுதவில்லை' என்று சொல்வதற்குப் பதில் அந்தத் தாளை மடித்து அம்மாவின் கைப்பைக்குள் வைத்தாள்.

ஸ்கேனில் உட்சவ்வு தடித்திருந்தது. சோதனைக்கு ஒரு துணுக்கு எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் முழுதாக உட்காரவில்லை. அப்பா கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டார், போட்டதற்கே மறுபடி போட்டார். மகள் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சில பெண்களின் உடம்புக்கு இந்த ஒரு ஹார்மோன் ஒத்துக்கொள்வதில்லை, மனசையே அது புரட்டிவிடும், மருந்தை மாற்றலாம், செலுத்தும் வழியை மாற்றலாம் என்று எல்லாம் இருந்தது. முதல் மாதமே அம்மா அவள் தோளருகே நின்று சொன்னதைத்தான் இத்தனை பக்கத்தில் எழுதியிருந்தார்கள். படிக்கத் தெரிந்த தனக்குக் கேட்கத் தெரியவில்லையே என்று நினைத்தாள். எட்டாம் நாள் அப்பா இருக்கும்போதே சொல்லிவிட்டாள். "சீட்டுல நான் தொடர்ந்துன்னு எழுதலம்மா. நீ எப்ப வேணாலும் வெச்சுக்கலாமான்னு கேட்டப்பவும் நான் சரியா காதுல வாங்கல."

"தெரியும்டி" என்றாள் அம்மா. "நானும் ரெண்டாவது தடவை கேக்கல. நீ சரின்னுட்டா எனக்குச் சௌகரியம்னு விட்டுட்டேன்."

சோதனை முடிவில் கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் ஜெல்லை இப்படித் தனியே விட முடியாது. மருத்துவர் அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "இது உங்க குணம் இல்லம்மா. உங்க உடம்புக்கும் அந்த மாத்திரைக்கும் ஆகல, அவ்வளவுதான். முதல் மாசமே எங்கிட்ட வந்திருக்கணும். வாய் வழியா போனா ரத்தம் பூரா கலந்து தலைக்கும் ஏறுது. கருப்பைக்குள்ளயே ஒரு சின்னக் கருவி வெச்சிரலாம். அது அந்த இடத்துல மட்டும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அஞ்சு வருஷம் வரும்."

"அஞ்சு வருஷமும் விடாமலா?"

"விடாம."

"ஓய்வு கிடையாதா அதுக்கு?"

"கிடையாது."

"பாவம், யூனியன்ல சேரச் சொல்லணும்" என்றாள் அம்மா. மருத்துவர் சிரித்துவிட்டார். மகள் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு மாதம் வயிறு இழுத்துப் பிடித்தது, அவ்வப்போது உதிரம் பட்டது, சில நாள் காரணமில்லாமல் கண் கலங்கியது. "இது கிள்ளுது. அது கடிச்சுது" என்று அம்மா வித்தியாசம் சொன்னாள். நான்காம் மாதம் அலமாரிச் சாமான்கள் ஒரே இடத்தில் இருக்க ஆரம்பித்தன. அப்பா உள்ளூர் வேலைகளுக்குத் திரும்பினார். அம்மாவின் நாற்காலியும் அவளிடமே இருந்தது.

அதன் பிறகுதான் அவள் பிரேக்கைக் கூப்பிட்டாள். நடந்ததை மகளிடம் அவளே சொன்னாள், தாளைப் பார்த்தபடி, முகத்தைக் காட்டாமல்.

"தம்பி, உனக்கு ஒரு நாள் நான் தரணும். எந்த நாள் வேணும்னு சொல்லு. எவன் படுத்தாலும் குடுக்குறேன்" என்றிருக்கிறாள்.

"நாளெல்லாம் வேணாம்க்கா. ஆப்பரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரங்க கூடப் போனாங்க."

"அப்புறம் ஏன் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குற?"

பிரேக் வெகுநேரம் காலால் தரையை மிதித்துக்கொண்டே நின்றாராம். "லீவு கேக்க மறந்துட்டேன்னு வீட்டுல சொல்லிட்டேன்க்கா. நீங்க கிழிச்சீங்கன்னு சொன்னா அவ நேரா இங்க வந்து நின்னிருப்பா. பத்து பேர் முன்னால உங்களைக் கேட்டிருப்பா. அது எனக்குப் பிடிக்கல. இப்ப, கண்ணைக் கட்டிப் போட்ட நேரத்துல நீ வரல, வண்டிதான் உனக்குப் பெருசுன்னு எதை எடுத்தாலும் அதுலதான் வந்து நிக்கிறா. நான் இப்ப மாத்திச் சொன்னா நம்பவும் மாட்டா."

"நான் வந்து சொல்றேன்" என்றிருக்கிறாள் அம்மா.

"சொல்லுங்கக்கா" என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு இத்தனை வருஷம் இத்தனை பாரமாக இருந்திருக்காது.

ஆனால் அம்மா போகவில்லை. முதலில் நேரமில்லை என்றாள். பிறகு, முன்பின் தெரியாத பெண்ணின் வாசலில் போய் நின்று எதிலிருந்து தொடங்குவது என்றாள். கருப்பை என்றா, மாத்திரை என்றா? "சாக்கு சொல்ல வந்திருக்கான்னு நினைச்சா?" என்று மகளைக் கேட்டாள். மகள், "நானும் கூட வரேன். சீட்டு எழுதுனது நான்தானே" என்று சொல்லிப் பார்த்தாள். அம்மா, "கிழிச்ச கை என்னுது" என்றாள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த வருஷம் பிரேக் வேறு பணிமனைக்கு மாற்றலாகிப் போனார். ஆறு வருஷம் கழித்து அம்மா ஓய்வு பெற்றாள். கடைசி நாளில் எல்லோரும் அவள் நியாயத்தைப் பற்றிப் பேசினார்கள். மாலையோடு வீட்டுக்கு வந்தவள் அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "பிரேக்கோட வீட்டம்மா வந்திருந்தா என்ன பேசியிருக்கும்" என்றாள்.

பிரேக்கின் வீடு தள்ளி ஒன்றும் இல்லை. இரண்டு பேருந்து மாற வேண்டும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அம்மா நல்ல உடை உடுத்திக்கொண்டு, விலாசம் எழுதிய தாளோடு கிளம்பினாள். பன்னிரண்டுக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ரெண்டாவது வண்டியில ஏற முடியல. செம கூட்டம்."

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது; அன்றைக்கு லீவு, மற்ற நாளெல்லாம் மதிய ஷிப்டுக்கு அந்தத் தடத்தில்தான் போய் வருகிறாள். பதினொரு மணிக்கு அந்த வண்டியில் பாதி இருக்கை காலியாகத்தான் இருக்கும். அந்த வண்டிக்கு இருபத்தெட்டு வருஷம் ஆள் எழுதியவளிடம் அதைச் சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை.

"சரி, இன்னொரு நாள் போகலாம்" என்றாள்.

"போகணும்" என்றாள் அம்மா.